கழுவக் கூடாத முதுகு

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரியம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள்" என்பேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். படுத்த படுக்கையா, எத்தனை வயதாகிறது என்று விசாரிப்பார்கள். "வயசு இருபத்தொன்பது, எடை ஒன்றரை டன்" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கொடுப்பாள். எதிர்வீட்டுக்காரம்மா ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பியே விட்டார். அந்தப் பழத்தை நீர்யானைதான் தின்றது.

எங்கள் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரே நீர்யானை அது. கம்பிக்கு வெளியே இருந்த பலகையில் அதற்கு வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உருவத்துக்கும், அதட்டலாக ஒரு மூச்சு விட்டு எல்லாரையும் ஒதுங்க வைக்கும் தோரணைக்கும் பெரியம்மா என்பதுதான் பொருந்தியது.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பெரியம்மாவின் குளத்தில் அடித்தளம் விரிசல் விட்டு நீர் இறங்கிக்கொண்டே இருந்ததால், வாரத்துக்கு மூன்று நடை அங்கே போவேன். வாசல் காவலாளி, "தண்ணி வண்டி வந்தாச்சு!" என்று கத்துவார். டிக்கெட் எடுக்க நிற்கும் குடும்பங்கள் என் கால் தள்ளாடுகிறதா என்று பார்க்கும். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவனுக்கு அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. லாரி காலியாக நாற்பது நிமிடம் ஆகும். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். அவள் வந்து பேசுவாள். புத்தகம் பிரித்த பக்கத்திலேயே இருக்கும். அப்படித்தான் எங்கள் கல்யாணம் முடிவானது.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவளைப் பற்றி எதையாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால், எனக்குப் பெருமையில்லாத ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

அவள் பெரிய படிப்பு படித்தவள் அல்ல. ஆனால் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். காட்சிசாலையின் பழைய டாக்டரிடம் கேட்டதும், கண்ணால் பார்த்ததும், நூலகத்தில் நான் எடுத்து வந்த புத்தகங்களில் படித்ததும் எல்லாம் அவளுக்குள் ஒன்றாகக் கலந்திருந்தது. வீட்டைப் பெருக்கிக் குப்பையை முறத்தில் அள்ளும்போது, "இதுல பாதி உங்க பழைய தோல். மாசத்துக்கு ஒரு தடவை ஆளையே புதுசா மாத்திக்கிறீங்க, ஒரு வார்த்தை சொல்றதில்லை" என்பாள். குளிரில் என் கையில் மயிர் குத்திட்டு நின்றால் தடவிப் பார்ப்பாள். "பூனைக்கு இது கம்பளி. உங்களுக்குக் கம்பளி கிடையாது, ஆனா அந்தச் சின்னச் சதை இன்னும் வேலைக்கு வந்துட்டே இருக்கு பாருங்க. சம்பளம் நின்னது தெரியாம." நகம், கொம்பு, குளம்பு எல்லாம் தோலின் வேலைதான் என்று அவள் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். பால்கூடத் தோலிலிருந்து வருவதுதான், வேர்வைச் சுரப்பிக்குத் தூரத்து உறவுதான் பால் சுரப்பி என்றபோது, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "குடிங்க, குடிங்க. இதைவிடப் பெரிய அதிசயம் எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்றாள்.

ஒருநாள் என்னைச் சவாரிக் குதிரை கட்டியிருந்த கொட்டகைக்கு இழுத்துப் போனாள். குதிரையின் விலாவில் ஓர் ஈ உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த இடம் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, வெடுக்கென்று சிலிர்த்தது. ஈ பறந்தது. குதிரை தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பார்த்தீங்களா? எங்க உட்கார்ந்துச்சுன்னு தோலுக்குத் தெரியுது. குதிரையைக் கேட்கவே இல்லை, அதுவே விரட்டிடுச்சு."

காட்சிசாலை சூப்பிரண்டு எவ்வளவு திட்டினாலும் அவள் முகம் மாறாது. அதனால் அவளை எருமைத் தோல் என்பார். "எருமைக்கு வேர்வைச் சுரப்பி கம்மி சார், அதான் சேத்துலயே கிடக்கு. வெயில் அதுக்கு நல்லா உறைக்கும். திட்டு மட்டும்தான் உறைக்காது" என்று பதில் சொல்வாள்.

ஆனால் அவளுடைய உண்மையான மரியாதை பெரியம்மாவின் தோலுக்குத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது துப்பாக்கிக் குண்டு துளைக்காத தோல். விலாப்பக்கம் நான்கு விரல் கனம் இருக்கும். கனமெல்லாம் உள்ளேதான், மேலே இருக்கும் போர்வை காகிதம் மாதிரி என்பாள். அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். நம்மைப்போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தில். நீரைவிட்டு வெளியே வெயிலில் நின்றால் காய்ந்து வெடித்துவிடும். ரோமம் என்று பார்த்தால் உதட்டில் கொஞ்சம், காதில் கொஞ்சம், வாலில் கொஞ்சம். நமக்கு இருப்பதுபோன்ற வேர்வையும் இல்லை. இத்தனை இல்லாததற்கும் ஈடாக அதற்கு ஒன்று உண்டு. கரைக்கு வந்து சிறிது நேரத்தில் முதுகிலும் முகத்திலும் பிசுபிசுப்பாக முத்து முத்தாக ஒரு நீர் பூக்கும். பூக்கும்போது நிறம் இருக்காது. ஐந்தாறு நிமிடத்தில் சிவப்பாகும். பிறகு பழுப்பாகிக் காய்ந்துபோகும். வெயிலின் சூட்டைத் தடுப்பதும், சிராய்ப்பில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

"அவங்களே நெய்து அவங்களே போட்டுக்கிற சட்டை" என்பாள். பெரியம்மாவைப் பற்றிப் பேசும்போது மரியாதையோடும், பெரியம்மாவிடமே பேசும்போது ஒருமையிலும் பேசுவாள்.

குளத்தின் விரிசல் சரி செய்ய முடியாத அளவுக்குப் போனபோது, பெரியம்மாவை வேறு ஊரில் உள்ள பெரிய காட்சிசாலைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. ஏழு மணி நேரப் பயணம். அங்கே ஆற்றையே வளைத்துக் கட்டிய குளம் இருக்கிறது என்றார்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: தோலில் திறந்த காயம் ஏதும் இருந்தால் விலங்கை ஏற்க இயலாது. அங்கே ஏற்கெனவே இரண்டு நீர்யானைகள் ஒரே நீரில் இருந்தன. புண்ணோடு மூன்றாவதை இறக்க அவர்கள் தயாராக இல்லை.

அவள் அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். எங்கள் காட்சிசாலைக் குளத்தை இடிப்பவர்கள் பெரியம்மா கிளம்பும் அன்று காலையிலேயே வந்து நிற்பதாக ஏற்பாடு. திரும்பி வந்தால் இறங்க ஒரு வாளி நீர்கூட இருக்காது.

"முழுத் தோலோட போய்ச் சேரணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்" என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் ஒரு டிரெய்லர். அதன் மேல் இரும்புச் சட்டமும் மரப்பலகையுமாகக் கூண்டு. கூண்டின் மேல் தார்ப்பாய். கூண்டை ஒட்டி ஒரு பலகையில் அவள் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நிறைந்த தொட்டியோடு நான். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, பெரியம்மாவின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்த கோணிகளை நனைக்க வேண்டும். அதுதான் என் வேலை. முதல் நிறுத்தத்திலேயே அவள் எனக்குத் தெளிவாகச் சொன்னாள்.

"கோணி மேல மட்டும். தரையில கொஞ்சம். முதுகு மேல குழாயைத் திருப்பாதீங்க. சட்டை போயிடும்."

"எட்டு வருஷமா தண்ணி ஊத்துறவன்கிட்ட சொல்றியா?"

"எட்டு வருஷமா குளத்துல ஊத்துனீங்க. இது முதுகு."

டிரெய்லர்காரர் பேச்சுக்காரர். பெரிய இயந்திரங்களை ஏற்றி இறக்கிப் பழகியவர். "தங்கச்சி, இதுக்குப் போய் இவ்வளவு பயப்படுறியே! இந்தத் தோலை வெச்சு என் வண்டிக்கு டயரே செய்யலாம்" என்றார்.

"உங்க உள்ளங்கையைக் காட்டுங்க அண்ணா." காட்டினார். ஸ்டீயரிங் பிடித்து மரத்துப்போன கை. "இது கனமான தோல். உரசின இடத்துல கனம் வெச்சுக்கிட்டது. உங்க கண்ணிமையைத் தொட்டுப் பாருங்க, அது வெங்காயச் சருகு. ரெண்டும் ஒரே ஆளோடதுதான். இவங்களுக்கு மேல் பக்கம் முழுக்கக் கண்ணிமைன்னு வெச்சுக்குங்க."

அவர் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறினார்.

பதினொன்றரை மணிக்குப் பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் சிமெண்ட் லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. முன்னால் அரை மைல் நீளத்துக்கு வண்டிகள். மேலே வெயில். ஒரு மரம் இல்லை. நாங்கள் நின்ற இடத்தில் சாலை திரும்பியிருந்ததால், தார்ப்பாயின் ஓரம் தாண்டிப் பெரியம்மாவின் இடது தோளில் வெயில் நேராக விழுந்தது. கால் மணி பொறுத்தாள்.

"நான் போய் அந்த அதிகாரியைப் பார்த்துட்டு வர்றேன். எதிர்ப்பக்கம் காலியா இருக்கு, நம்மளை மட்டும் விடச் சொல்றேன். கோணியை நனைங்க. அந்த இடது பக்கத்துக்கு ஏதாவது கட்ட முடியுமா பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டிகளுக்கு நடுவே நடந்து போனாள்.

இடது பக்கத்துக்கு ஒரு துணியைக் கட்டினேன். காற்றில் அவிழ்ந்துவிட்டது. மறுபடி கட்ட நான் மேலே ஏறியபோதுதான் பின்னால் நின்ற பேருந்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லு, எவ்வளவு தின்னும், குட்டி போடுமா முட்டை போடுமா என்று கேள்விகள். அப்போது பெரியம்மாவின் முதுகில் சட்டை நன்றாக ஊறி நின்றது. கழுத்து மடிப்பில் சிவந்து, விலாவில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்றாள் ஒரு பெண்.

"ரத்தம் இல்லைங்க. அதோட வேர்வை மாதிரி" என்றேன்.

"ரத்த வேர்வையா? யாருக்குங்க காது குத்துறீங்க?"

"கம்பியால குத்தியிருப்பாங்க. ஏத்தும்போது குத்தித்தானே ஏத்துவாங்க."

"பாவம்யா, வாயில்லா ஜீவன்."

"பின்னாடி ஒரு லாரித் தண்ணி நிக்குது. ஊத்தினா குறைஞ்சா போயிடுவே?"

"என்னய்யா வண்டி உன்னோடது?"

"தண்ணி வண்டி" என்று பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"அதான் பார்த்தாலே தெரியுதே!" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "இதோ பாருங்க மக்களே, ஒரு வாயில்லா ஜீவன் ரத்தம் சொட்ட நிக்குது, டிரைவர் குடிச்சிட்டு வேடிக்கை பார்க்கிறாரு" என்று அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

டிரெய்லர்காரர் என் காதருகே வந்தார். "ஊத்தித் தொலைப்பா. உயிரை எடுக்கிறானுங்க."

இதை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் செய்த தவறு என்றால் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கும். எனக்குத் தெரியும். ரத்தம் இல்லை என்று தெரியும், ஊற்றக்கூடாது என்று தெரியும். இருந்தும் பம்பைப் போட்டேன். குழாயைத் தூக்கி முதுகு முழுக்க அடித்தேன். சிவப்பு ஓடையாக இறங்கிச் சாலையில் பரவியது. கூட்டம் கை தட்டியது. "இப்பத்தான் மனுஷன்" என்றாள் அந்தப் பெண். வழிவது நிற்கிறவரை, கடைசித் துளி சிவப்பும் போகிறவரை அடித்தேன். பெரியம்மா பளிச்சென்று சாம்பல் நிறத்தில், கழுவி வைத்த பாத்திரம்போல நின்றாள். எனக்குக்கூட ஒரு நிமிடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பேருந்துக்காரர்கள் அலுத்துப்போய்த் தங்கள் இருக்கைக்குத் திரும்பினார்கள். இடது தோளில் ஈரம் என் கண் முன்னால் காய்ந்தது. தோல் முதலில் வெளுத்தது. பிறகு ரோஜா நிறமானது. வற்றிய குட்டையின் சேற்றில் விழுவதுபோல மெல்லிய கோடுகள் விழுந்தன. பயந்துபோய் மறுபடி ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, புதிதாகப் பூத்ததும் சிவப்பதற்கு முன் கழுவிக்கொண்டு போயிற்று. அவள் திரும்பி வருவதற்குக் கொஞ்சம் முன்பு, அந்தக் கோடுகளில் ஒன்று விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. அதிலிருந்து வந்தது ரத்தம்.

அவள் வேகமாக வந்தாள். "விட்டுட்டாங்க, கிளம்பலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கூண்டைப் பார்த்து நின்றாள்.

"யாரு கழுவினது?"

டிரெய்லர்காரர் வானத்தைப் பார்த்தார்.

"நான்தான். ரத்தம்னு கத்தினாங்க."

"ரத்தம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூண்டின் மேல் ஏறி, பிளந்த இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். தன் பையிலிருந்து சுத்தமான வெள்ளைத் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்தாள். நான் வாங்கித் துடைக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துடைக்காதீங்க. ஒத்தி எடுங்க."

ஒத்தி எடுப்பது என்றால் என்ன என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். துணியை வைத்து, அழுத்தாமல், இழுக்காமல், அப்படியே எடுக்க வேண்டும். கடைசியில் அவள் ஏழு வாரம் படுத்திருந்தபோது இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் அப்படித்தான் ஒத்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு சிவப்புகூட இல்லையே! ஆஸ்பத்திரியில வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டார். "இல்லைம்மா, தண்ணி லாரி" என்றேன். படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை. தார்ப்பாயை இழுத்து வெயிலை மறைத்துக் கட்டினாள். பாலத்தைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு வாய்க்கால் இருந்தது. இறங்கி அதில் வாளியை விட்டுக் குழைவான சேற்றை அள்ளினாள். நாங்கள் மூன்று பேரும் ஏழெட்டு வாளி கொண்டுவந்தோம். சட்டை மறுபடி ஊறி வரும் வரைக்கும் சேறுதான் சட்டை. சட்டத்துக்கு இடையில் கையை விட்டு முதுகு முழுக்கப் பூசினாள். "பொறுத்துக்க பெரியம்மா, பொறுத்துக்க. இதோ ஆச்சு" என்று பேசிக்கொண்டே பூசினாள். பெரியம்மா காதைச் சுழற்றிக்கொண்டு நின்றாள்.

பிளந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் மட்டும் அவள் விட்டுவிட்டாள். அதன் மேல் ஈரத் துணி.

டிரெய்லர்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அங்கயும் சேத்தைப் பூசிடு. உடம்பு பூரா சேறு, அந்த டாக்டர் எங்க கண்டுபிடிக்கப் போறாங்க? இறக்கிவிட்டுட்டு நாம பாட்டுக்குக் கிளம்பிடுவோம். கையெழுத்துப் போட்டப்புறம் அவங்க பொருள்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. என் தவறு சேற்றுக்கு அடியில் போய்விடும்.

"நல்ல யோசனைதான் அண்ணா" என்றாள். "மறைச்சா, அவங்க அதைப் பார்க்காம விட்டுடுவாங்க. பார்க்காம விட்டா யாரு மருந்து போடுவாங்க?"

அவர் வண்டியை எடுத்தார்.

நான்கு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய இரும்புக் கதவு, பளிச்சென்ற சிமெண்ட் முற்றம், அதற்கு அப்பால் பச்சையாக நீர் தெரிந்தது. முழங்கால் வரை ரப்பர் காலணி போட்ட ஒரு டாக்டர் கையில் தாள்களோடு வந்தார். முப்பது வயது இருக்கும். வேலையில் கறார் என்பது நடையிலேயே தெரிந்தது. சேறு பூசிய அந்தப் பெரிய முதுகில் முதலில் கண்ணில் பட்டது வெள்ளைத் துணிதான்.

"இது என்ன?"

"காயம் டாக்டர். விரல் நீளம். மதியம் வந்தது" என்று என் மனைவி துணியை எடுத்துக் காட்டினாள்.

டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "உடம்பெல்லாம் மூடிட்டு இதை மட்டும் ஏன் திறந்து வெச்சிருக்கீங்க?"

"நீங்க முதல்ல இதைப் பார்க்கணும்னுதான்."

"எங்க கடிதத்தைப் படிச்சீங்கல்ல?"

"மனப்பாடம்."

"அப்புறம் நான் என்ன பண்றது? உள்ள ரெண்டு இருக்கு. புண்ணோட இதை இறக்கி, அதுங்களுக்கு ஏதாவது வந்தா நான்தான் பதில் சொல்லணும். திரும்பக் கொண்டு போங்க. ஆறினதும் வாங்க."

"திரும்பிப் போக இடம் இல்லை டாக்டர். குளத்தை இந்நேரம் இடிச்சிருப்பாங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரக்கம் இல்லாதவர் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த தாளில் இரக்கத்துக்குக் கட்டம் இல்லை.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் என் மனைவி. "எதுவும் கேட்கலை. பக்கத்துல நின்னு பாருங்க, போதும்."

காயத்துக்குப் பக்கத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சேற்றை நனைத்து ஒத்தி எடுத்தாள். சாம்பல் நிறத் தோல் தெரிந்தது. ஈரத்தையும் ஒத்தி எடுத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டிரெய்லர்காரர், நான், கதவைத் திறந்துவிட்ட ஆள், எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம் போயிற்று. மத்தியானம் முழுக்க நான் கழுவிய முதுகு. ஊற்று வற்றியிருந்தால்?

"அதோ" என்றாள்.

ஊசிமுனை அளவுக்கு ஒரு பளபளப்பு. பிறகு பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடி மணிகள்போல, நிறமே இல்லாமல், காயத்தின் விளிம்பை ஒட்டி வரிசையாகப் பூத்தன. ஒன்றோடொன்று சேர்ந்து பரவின. டாக்டர் இன்னும் குனிந்தார். அந்தப் பளபளப்பில் மெல்ல, வெட்கப்படும் கன்னம்போல ஒரு நிறம் ஏறியது. அது ரோஜா நிறமாகி, ஆரஞ்சு கலந்து, சிவந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். வெறும் விரலால் அதைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "பார்த்ததில்லை. இங்க இருக்கிற ரெண்டும் பகல்ல தண்ணியை விட்டு ஏறாதுங்க."

"தோல் வேலையை விட்டுட்டுப் போகலை டாக்டர். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். ஆறிடும்."

"சீழ் வெச்சா?"

"வைக்காது. வெச்சா என்னைக் கேளுங்க. தனித்தொட்டி ஒண்ணு குடுங்க, ஆறுற வரைக்கும் நான் கூடவே இருக்கேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் நடந்ததே இல்லை. மாற்றுத் துணிகூடக் கொண்டுவரவில்லை.

டாக்டர் தாளைப் புரட்டினார். "தனிமைத் தொட்டி காலியாத்தான் இருக்கு" என்றார். எழுத ஆரம்பித்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. "காயத்துக்குக் காரணம்?"

"வெயில்" என்றாள் அவள்.

"வெயில் இல்லை டாக்டர்" என்றேன். "அது போட்டிருந்த சட்டையை நான் கழுவிட்டேன். ஜனங்க ரத்தம்னு கத்தினாங்க, என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, என்னால தாங்க முடியலை."

"நீங்க யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள். 'ஒத்தி எடுங்க' என்றதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது. "இவருக்குத் தோல் ரொம்ப மெல்லிசு டாக்டர். யாரு என்ன சொன்னாலும் உள்ள இறங்கிடும்."

டாக்டர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டத்தில் 'வெயில், நீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காலி லாரியோடு நான் மட்டும் திரும்பினேன். அவள் அந்தத் தொட்டியை ஒட்டிய, தீவன மூட்டைகள் அடுக்கிய அறையில் இருபத்து மூன்று நாள் இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன் தோல் செய்தி வந்துவிடும். "இன்னைக்கு ஓரம் வெள்ளையாச்சு." "இன்னைக்கு ரெண்டு கரையில இருந்தும் புதுத் தோல் ஊர்ந்து வருதுங்க. யாரு அதுக்கு வழி சொன்னது? நடுவுல வந்து சேரணும்னு எப்படித் தெரியும்?" "இன்னைக்கு டாக்டர் அவங்க மாணவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. என்னையே பேசச் சொல்லிட்டாங்க. நான் உங்க டம்ளர் கதையைச் சொன்னேன், எல்லாம் சிரிச்சுதுங்க." நான் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துவிட்டுத் தரையைப் பெருக்குவேன்.

இருபத்து மூன்றாம் நாள் அவளை அழைத்துவரப் போனேன். மன்னிப்பு என்று ஏதாவது கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனேன். அவள் எனக்கு அதற்கு இடமே கொடுக்கவில்லை. கையைப் பிடித்துத் தொட்டியின் கரைக்கு இழுத்துப் போனாள். மறுநாள் பெரியம்மாவைப் பெரிய குளத்தில் விடப்போவதாக டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

பெரியம்மா கரையேறிச் சரிவில் நின்றிருந்தாள். முதுகில் சட்டை பூக்கத் தொடங்கியிருந்தது. இடது தோளில் விரல் நீளத்துக்கு வெளிறிய ஒரு கோடு. சுற்றிலும் மணி மணியாக ஈரம் நின்றது. அந்தக் கோட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. காய்ந்து கிடந்தது.

"அங்க மட்டும் வரலையே" என்றேன்.

"வராது. வடுவுல சுரப்பி இருக்காது. இனிமே எப்பவுமே வராது."

"அப்ப வெயில் பட்டா?"

"பேசாம பாருங்க" என்றாள்.

பார்த்தேன். கோட்டின் இரண்டு பக்கமும் ஊறியது கனத்துச் சிவந்தது. மேல்பக்கத்துத் துளி ஒன்று பெருத்து, தாங்க முடியாமல் உடைந்து, கோட்டின் மேல் மெல்ல வழிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கோடு எங்கே இருந்தது என்று நான் தேட வேண்டியிருந்தது.